நிலா லேட்டா, கடிகாரம் தப்பா?

இன்னைக்கு ஒரு கிரகணத்தோட கதை.

1925 ஜனவரி 24, சனிக்கிழமை. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி தாண்டியதும் முழு சூரிய கிரகணம். நிலாவோட நிழலின் தெற்கு ஓரம் மன்ஹாட்டனுக்குள்ளேயே விழப்போகுது. எந்தத் தெருவில்? அதைக் கண்டுபிடிக்க, 72ஆம் தெருவில் இருந்து 135ஆம் தெரு வரைக்கும் மின்சாரக் கம்பெனி ஊழியர்கள் மொட்டைமாடிகளில் ஏறி நின்னாங்க.

ஒவ்வொருத்தருக்கும் ஒரே கேள்வி: சூரியன் முழுசா மறைஞ்சுதா, இல்லையா? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஆளுக்கு ஒரு பிட் டேட்டா, அவ்வளவுதான். குழப்பத்துக்கும் இடம் கம்மி. சூரியனில் ஒரு கீற்று மிச்சம் இருந்தாலே அந்த வெளிச்சம் கண்ணைக் கூசும். பதில்களை வரிசையா வச்சுப் பார்த்தா, ‘இல்லை’ என்பது ‘ஆமா’ என்று மாறிய இடம் 96ஆம் தெரு பக்கம்.

சரி, இதை வச்சு நிலாவை எப்படி அளக்கிறது? நிழலின் ஓரம் எங்கே விழுந்ததுன்னு தெரிஞ்சா, நிலா கணக்கைவிட வடக்கே இருக்கா, தெற்கே இருக்கான்னு தெரியும். எப்போ விழுந்ததுன்னு தெரிஞ்சா, தன் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு தெரியும். நிலா விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடுது. அப்போ ஒரு விநாடி தாமதம்னா, கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். அதுவும் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு பொருளுக்கு!

அன்னைக்குக் கிரகணம் சில விநாடிகள் தாமதமா வந்தது.

நிலாவோட நகர்வுக்கு அட்டவணை போட்டவர் யேல் பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் பிரவுன். பல வருஷ உழைப்பு, 1919இல் வெளியானது. ஆனாலும் நிலா கணக்கில் இருந்து கொஞ்சம் முந்துறதும் பிந்துறதும் ரொம்ப நாளாவே இருந்த தலைவலி. நாமா இருந்தா ஃபார்முலாவில் பக் தேடுவோம். பிரவுன் 1926இல் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். அப்போ நேரம்னாலே பூமியின் சுழற்சிதான். அந்தச் சுழற்சியே சீரா இல்லைன்னா?

1939இல் ஹெரால்டு ஸ்பென்சர் ஜோன்ஸ் சூரியன், புதன், வெள்ளி கணக்குகளிலும் அதே தடுமாற்றம் இருக்குன்னு காட்டினார். ஆபீஸில் ஒருத்தர் லேட்னா அவரைக் கேட்கலாம். எல்லாரும் சேர்ந்து லேட்னா, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்க்கணும்.

லீப் செகண்டுக்கும் காரணம் இதே பூமிதான். சர்வர் நேரத்தோட மல்லுக்கட்டுறவங்களுக்கு அந்த வலி தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.