பரீட்சைக்கு வராத பிள்ளையை யார் கணக்கெடுப்பது?

(கிள்ளான் வட்டாரப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ்ப்பள்ளிக்காக நாம் நிறையப் போராடுகிறோம். நிலம் கேட்கிறோம், கட்டடம் கேட்கிறோம், மானியம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளை எங்கே போகிறான்? இந்த நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. பெரும்பாலோர் போவது தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான். அங்கே ஐந்து வருஷம். ரிமூவ் வகுப்பு போனால் ஆறு வருஷம். அந்த வருஷங்களில் என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

தோட்டத்தில் இருந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் பள்ளிக்குப் போவார்கள். ஒருவன் போகவில்லை என்றால் லயம் முழுக்கத் தெரியும். இன்று காப்பாரிலும் மேருவிலும் ரப்பரும் செம்பனையும் இருந்த இடங்களில் தாமான்களும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. நாம் ஃபிளாட்டுகளுக்கும் தாமான்களுக்கும் சிதறிவிட்டோம். ஒரே தமிழ்ப்பள்ளி வகுப்பில் படித்த பிள்ளைகள் நாலைந்து இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடிமக்களில் இந்தியர்கள் 100க்கு ஏறக்குறைய 7 பேர். கிள்ளானில் நாம் அதைவிட அதிகம். ஆனாலும் பள்ளிக்குப் பள்ளி போய்ப் பார்த்தால் சிறு கூட்டம்தான். சிறு கூட்டத்தில் ஒருவன் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது.

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் பள்ளிகள் சராசரித் தரத்தைச் சொல்வார்கள். ஏ பிளஸ் என்றால் 0, தோல்வி என்றால் 9. எண் குறைந்தால்தான் நல்லது. 2023 தேர்வில் தேசியச் சராசரி 4.60. 2024 தேர்வில் 4.49. முன்னேற்றம்தான், மகிழ்ச்சி. ஆனால் இந்த எண் தேர்வு எழுதியவர்களை மட்டுமே பேசுகிறது. நடுவில் நின்றுபோனவன் இதில் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல, விளங்குவதற்காகச் சொல்கிறேன். முதலாம் படிவத்தில் 200 பேர் சேர்ந்தார்கள். ஐந்தாம் படிவத்தில் தேர்வு எழுதியவர்கள் 170 பேர். சான்றிதழ் கிடைத்தது 150 பேருக்கு. பள்ளி சொல்லும் தேர்ச்சி 88 விழுக்காடு. சேர்ந்த 200 பேரை வைத்துக் கணக்குப் போட்டால் 75 விழுக்காடுதான். குறைந்த 30 பேரில் சிலர் வேறு பள்ளிக்கோ தொழிற்கல்லூரிக்கோ மாறியிருக்கலாம். அவர்களைத் தள்ளிவிடுவோம். மீதிப் பேர் எங்கே? லாரியிலா, தொழிற்சாலையிலா, கடைத்தெருவிலா? அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? பள்ளியில் சேர்க்கும்போது பாரத்தில் இனம் எழுதி வாங்குகிறார்கள். நின்றுபோகும்போது மட்டும் ஏன் எண்ணிப் பார்க்கக்கூடாது?

இன்னொன்றையும் கவனியுங்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் மலாய்மொழியில் தேற வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும், இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. மறுதேர்வு உண்டு. அது தெரியாமலே "ஃபெயில்" என்று சொல்லிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய வீடுகள் உண்டு.

முன்பு யு.பி.எஸ்.ஆர். இருந்தது, பிறகு பி.டி.3 இருந்தது. முதலாவது 2021இல் நீக்கப்பட்டது, இரண்டாவது 2022இல். தேர்வுச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் அதன் பிறகு வந்த பிள்ளைகள் பலருக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பொதுத்தேர்வாகப் போய்விட்டது. பிள்ளை பின்தங்குகிறான் என்று வீட்டுக்குத் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

2025இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. வரவேற்போம். ஆனால் சட்டம் வந்து உங்கள் பையனைக் காலையில் எழுப்பாது. மூன்றாம் படிவத்தில் கடைசி வகுப்பில் உட்கார்ந்து, சுத்தமாக விளங்காமல், அவமானத்தில் பள்ளிக்கு மட்டம் போடுகிறவனை யாராவது தேடிப் போக வேண்டும்.

என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். மலாய் சரளமாக வராது என்று வெட்கப்படாதீர்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாலு பேராகப் போங்கள். முதலாம் படிவத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்று கேளுங்கள். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் எத்தனை பேர் தவறினார்கள் என்றும் கேளுங்கள்.

இரண்டு, 1996 கல்விச் சட்டப்படி ஒரு பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வழி செய்யலாம். 15 கையெழுத்து நம்மால் திரட்ட முடியாதா? தமிழ் வகுப்பு நடந்தால் நம் பிள்ளைகள் வாரம் ஒருமுறையாவது ஒரே அறையில் கூடுவார்கள். யார் வரவில்லை என்று அந்த ஆசிரியருக்குத் தெரியும்.

மூன்று, ஒவ்வொரு தாமானிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இந்த வருஷம் தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளைகளின் பெயர்களை அதில் எழுதுங்கள். வருஷா வருஷம் விசாரியுங்கள்.

இதில் எந்த இனத்துக்கும் எதிராக ஒன்றும் இல்லை. கடைசி வகுப்பில் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். நின்றுபோன எல்லாரையும் எண்ணுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கில் நின்றோம். உரிமை கேட்டோம். இப்போது நிற்க வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாசல்தான்.