பெயர் அகராதிக்குள் நுழையும் வாயில்



ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பெயரைத் தனித்துக் காட்டும் பெரிய எழுத்தும் இல்லை. ஆகவே, அயல்மொழியார்க்குக் கண்முன் நிற்பது பெயரா, பொதுச்சொல்லா என்பதே முதல் ஐயம். பெயரென்று தெளிந்த பின்னும் ஒலிப்பு இடர்ப்படுத்தும். துறைமுக நகரைச் சுட்டுகையில் 'கோபே' என ஒலிக்கும் அதே இரண்டு எழுத்துகள், குடும்பப் பெயராகுங்கால் 'கான்பே' என்றும் ஒலிக்கும். ஜப்பானிய-ஆங்கில அகராதி தொகுப்போர் எப்பெயரைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தடுமாறுவதில் வியப்பில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமே என்பார் உளர். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய மின் அகராதியில் பெயர்கள் பின்னர்த் தனிக்கோப்பாகப் பிரிக்கப்பட்டன. இன்று அக்கோப்பில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள. ஒலிப்பறிய அது பெருந்துணை. ஆயின், ஒரு பெயர் தொடரில் என்ன பொருள் தருகிறது என்பது வேறு வினா.

புகழும் தக்க அளவுகோலன்று. இன்றைய அமைச்சர் நாளை யார் நினைவில் இருப்பார்? மொழிக்குள் புகுந்து உழைக்கும் பெயரே அகராதிக்கு உரியது. 9ஆம் நூற்றாண்டுப் பெண்பாற் புலவர் ஓனோ நோ கொமாச்சியின் பெயர், ஊரின் பேரழகியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1590இல் முற்றுகையிடப்பட்ட ஓடவாராக் கோட்டையினுள் நீண்டுகொண்டே போன ஆலோசனையால், முடிவு காணாப் பேச்செல்லாம் 'ஓடவாரா ஆலோசனை' ஆயிற்று. 'ஓடவாரா: ஒரு நகர்' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் ஊரைக் கண்டு பொருளை இழப்பார். தென்னாட்டினின்று சென்றவரென ஒரு மரபு கூறும் போதிதருமர் அங்கே 'தருமா' ஆனார். பின்னர் உருண்டைப் பொம்மையானார். சிறுவர் பனியில் உருட்டிச் செய்யும் உருவமும் 'பனித்தருமா' ஆனது. ஞானியின் பெயரை விலக்கும் அகராதி பனிப்பொம்மையை எங்ஙனம் விளக்கும்?

கவிஞர்க்குப் பேரிழப்பு நேர்வது இடப்பெயர்களிலேதான். மரபுக் கவிதையில் யோஷினோ என்றால் செர்ரிப் பூ. தட்சுதா ஆறு என்றால் இலையுதிர்காலச் செவ்விலை. இத்தகைய இடப்பெயர்களைப் 'பாட்டின் தலையணை' என்றே அம்மொழியார் வழங்குவர். 'தட்சுதா: நாராப் பகுதியில் ஓர் ஆறு' என்னும் பதிவில் பொய்யில்லை. ஆயினும், அதனை நம்பும் மொழிபெயர்ப்பாளர் கையில் வெறும் ஆறுதான் எஞ்சும்; நீரில் மிதந்த பருவகாலம் கரையிலேயே நின்றுவிடும். செவ்விலை பற்றி இன்னுமொரு வரி வேண்டும். அதற்குப் பக்கத்தில் இடமில்லை என்று பதிப்பாளர் சொல்வாராயின், அமைச்சர்கள் சிலரை நீக்கி இடம் காணலாம்.