அவர் பெயரில் ஒரு பாஸ்புக்

தையல் மெஷின் வாங்க வேண்டும் என்ற ஆசையில், மாதம் பிறந்ததும் கடுகு டப்பாவுக்குள் நோட்டை மடித்து வைக்கிற பெண்கள் எத்தனையோ பேர். பெருங்காய வாசனை ஏறிய அந்த நோட்டுகள் இருபதாம் தேதிக்குள் கேஸ் சிலிண்டருக்குப் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கைக்கெட்டும் பணத்துக்கு வீட்டில் ஆயிரம் செலவு காத்திருக்கிறது.

இதற்குத் தபால் நிலைய ஆர்.டி., அதாவது மாதத் தவணை சேமிப்புக் கணக்கு, நல்ல வழி. மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். 60 மாதம் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்ப்பார்கள். மாதம் 1,000 கட்டினால் ஐந்து வருடத்தில் அசல் மட்டுமே 60,000 ரூபாய். நடுவில் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்? ஒரு வருடம், 12 தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால், சேர்ந்திருப்பதில் பாதி வரை கடன் கிடைக்கும். கணக்கை முடிக்க வேண்டியதில்லை. இந்த வசதி பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

வீட்டில் இருக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கணக்கு வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். வண்டி ரிப்பேருக்கு என்று அதைக் கேட்காதீர்கள்.