நூறு வாற்றில் ஒரு பல்கலைக்கழகம்



கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 அன்று முறைப்படி பேசத் தொடங்கியது. பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களை வைத்துத்தான் தந்தி அலுவலகப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் ஒலிபரப்பியைப் பூட்டினார் என்பார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில், பௌதிகவியல் பேராசிரியர் ஏர்ல் டெரி தன் ஆய்வுகூடத்திலேயே வால்வுகளைச் செய்து, கமக்காரருக்கு வானிலை அறிவித்துக்கொண்டிருந்தார். இரண்டுமே கைவேலைதான். நம்முடையது அரசோடு வளர்ந்தது. அவர்களுடையது இன்றும் பல்கலைக்கழகத்தின் சொத்து.

தமிழில் அப்படியொன்றைக் கேட்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். வான் அலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறக்க இன்னும் ஏழு ஆண்டுகள் சென்றன. 2004 பெப்ரவரி 1ஆம் திகதி கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4இல் ஒலித்தது. இந்தியாவில் வளாகச் சமூக வானொலி வகையில் அதுவே முதலாவது. அதை முன்னின்று உருவாக்கியவர் ஆர். ஸ்ரீதர்.

அதில் என்னைக் கவர்ந்தது மாணவர் நிகழ்ச்சிகள் அல்ல. இளைஞர்களுக்கு ஒலிவாங்கி கிடைத்தால் பாட்டுப் போடுவார்கள், அது எங்கும் நடப்பதுதான். வளாகத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் பெண்கள் உள்ளே வந்து, உடல்நலம், ஊட்டச்சத்து பற்றித் தாங்களே பேசினார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பேசுகிறவர் பக்கத்து வீட்டு அக்கா என்றால் கேட்கிற காது வேறு.

இதற்குப் பெரிய கோபுரம் வேண்டியதில்லை. இந்திய விதிகள் இத்தகைய நிலையங்களுக்கு வழக்கமாக அனுமதிப்பது 100 வாற்று வலுதான், பழைய குண்டு மின்குமிழ் ஒன்றின் அளவு. எட்டுவதும் பத்துப் பதினைந்து கிலோமீற்றர்தான்.

இனிக் கொழும்பு வரைபடத்தை மனதில் விரியுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனை, இரண்டுமே அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும். மருத்துவ பீடம் அங்கே இருக்கிறது, சட்ட பீடம் இருக்கிறது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வாடகைக்கு இருப்பவருக்குக் குத்தகை ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று சட்ட மாணவி ஒருத்தி தமிழில் சொல்லலாம். மழைக்குப் பிறகு வெள்ளவத்தைக் கால்வாயோரம் டெங்கு நுளம்பு எங்கே பெருகுகிறது என்று மருத்துவ மாணவன் சொல்லலாம். கேட்பவர் மறுநாளே ஆளைத் தேடிப் போய் மேலும் விசாரிக்கவும் முடியும்.

சமூக வானொலி இலங்கைக்குப் புதிதல்ல. கொத்மலை நிலையம் 1989இலேயே தொடங்கியது. 1999இலிருந்து நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் தேடி வானொலியிலேயே பதிலும் சொன்னது. ஆனால் அது அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிள்ளை. நான் கேட்பது பல்கலைக்கழகத்தின் பெயரில் உரிமம்.

ஒன்றை மட்டும் சென்னையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இந்த வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அல்லது மொழிபெயர்த்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மாநகர சபை ஒரு தீர்மானம் எடுத்தால், அதைச் சொல்லவும் பல்கலைக்கழகம் இன்னொருவரின் செய்தியறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டுமா?