திருநந்தவனமும் திருப்பணியே



ஆலயத் திருப்பணி என்றவுடன் கோபுரமும் விமானமும் மண்டபமுமே அன்பர் கருத்தில் எழுகின்றன. மதிலையொட்டிய நந்தவனத்தை நினைப்பார் சிலரே.

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து இறைவனுக்கு மாலை சாத்தினார் என்று, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணம் கூறும். அந்நால்வகையில் ஒரு தோட்டத்தின் அமைப்பே அடங்கியுள்ளது. கொன்றையும் புன்னையும் ஓங்க இடம் வேண்டும். முல்லை படரப் பந்தர் வேண்டும். தாமரையும் செங்கழுநீரும் மலர ஓடை வேண்டும். தும்பை வளரப் பாத்தி வேண்டும். ஆகவே நந்தவனம் தானே முளைத்த காடன்று. வகுத்து அமைத்த திருப்பணியாகும். இராமானுசர் ஆணையைச் சிரமேற்கொண்டு அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனம் அமைத்ததும் இத்தகைய கைங்கரியமே.

சோழர் காலக் கல்வெட்டுக்களில் நந்தவனத்துக்கு விட்ட நிலம் திருநந்தவனப்புறம் எனப்படும். நிலத்தின் எல்லையும், தோட்டம் பேணுவார்க்கு அளக்கவேண்டிய நெல்லும் கல்லில் வெட்டப்பெற்றன. திருப்பணி என்னும் பெயரால் அச்சுவரின்மேல் மணலை வீசித் தேய்த்தால் எழுத்து அழியும். எழுத்து அழிந்தால் தோட்டத்தின் சாசனம் அழியும். சாசனம் மறைந்த இடத்தில் கடைகளும் கொட்டகைகளும் எழுவது எளிது.

பழந்தோட்டங்களைக் காக்கும் கவலை பிற நாட்டார்க்கும் உண்டு. 1981-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கூடிய அறிஞர், பழந்தோட்டம் உயிருள்ள நினைவுச்சின்னம் என்றும், நன்கு ஆராய்ந்த பின்னரே அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் ஒரு சாசனம் வகுத்தனர்.

அந்நெறி நந்தவனத்துக்கும் பொருந்தும். முதற்கண் கல்வெட்டுக்களை மைப்படி எடுத்துப் படிப்பித்தல் வேண்டும். பழைய நிலப் பதிவேடுகளையும் ஊர் முதியோர் நினைவையும் ஒப்பிட்டு எல்லையை அறிதல் வேண்டும். தூர்ந்த கிணற்றையும் வாய்க்காலையும் கண்டு தூர்வாரிய பின்னரே செடி நடுதல் முறை.

கோபுரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி. நந்தவனத்துக்கோ நாள்தோறும் திருப்பணி. ஒருநாள் நட்டுச் சென்றால் அது நிலையாது. அதனாலன்றோ முன்னோர் செடியோடு நில்லாது, நீர் இறைப்பவனுக்குரிய நெல்லையும் சேர்த்து எழுதிவைத்தனர்! உபயதாரர்கள் கல்லுக்கு ஈவதுபோல் அத்தோட்டக்காரனின் நிரந்தர ஊதியத்துக்கும் முதல் வைப்பார்களாக. அவர்கள் பெயர் கல்லில் இல்லாவிடினும், விடியற்காலை மாலையில் நாள்தோறும் மலரும்.

திருவருள் துணை நிற்பதாக!