பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கும் ஏழு நாள்

(ஈப்போவில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாம் பேச வந்த விஷயத்தைச் சொன்னதும் பின்வரிசையில் சில வாலிபர்கள் சிரித்தார்கள். பிரசவம் பெண்கள் காரியமாயிற்றே, ஆண்பிள்ளைக்கு லீவு எதற்கு என்று கேட்கிறார்கள் போலும். சிரிக்கட்டும். ஆனால் அந்த நாள் லயத்தை நினைத்துப் பாருங்கள். சுங்கை சிப்புட்டிலும் கோப்பெங்கிலும் ஒருத்திக்கு வலி கண்டால் பத்து வீட்டுக் கதவு திறக்கும். வெந்நீர் போட ஒருத்தி, பத்தியம் வடிக்க ஒருத்தி, மூத்த பிள்ளையைத் தூக்கிப் போக ஆயாக் கொட்டகை. தகப்பன் காலையில் பெரட்டுக்குப் போய்விட்டான். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நம் பிள்ளைகள் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த கதவில் யார் என்றே தெரியாது. வெந்நீர் போட யார் வருவார்? புருஷன்தான் வரவேண்டும்.

1955ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் 1957 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. அன்றுதொட்டு அறுபத்தைந்து ஆண்டுகள் அதில் தகப்பனுக்கு என்று ஒரு வரி கிடையாது. கூட்டு ஒப்பந்தம் இருந்த சில இடங்களில் ஓரிரு நாள் கிடைத்தது. மற்ற இடங்களில் துரையின் தயவு. 2021 அக்டோபரில் வந்த திருத்த மசோதா மூன்று நாள்தான் என்றது. 2022 மார்ச்சில் மக்களவை அதை ஏழாக்கி நிறைவேற்றியது. 2023 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது. தாய்மாருக்கு 60 நாளாக இருந்ததும் அன்றே 98 நாளாயிற்று.

சட்டம் சொல்வது இதுதான். மணமான ஆண் தொழிலாளிக்கு, மனைவியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் தொடர்ச்சியாக ஏழு நாள் சம்பளத்துடன் லீவு. ஐந்து பிரசவம் வரை உண்டு. இன்று இரண்டு, அடுத்த வாரம் ஐந்து என்று துண்டு போட முடியாது. 22 வாரத்துக்குப் பிறகு குழந்தை இறந்தே பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசவமே. அந்த வீட்டுத் தகப்பனுக்கும் லீவு உண்டு. இதை வாய்விட்டுக் கேட்க நம்மவர் கூசுவார்கள். கூச வேண்டியதில்லை.

சம்பளக் கணக்கைச் சொல்லுவோம். 2025இல் வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஏழு நாளுக்கு ஏறக்குறைய 457 வெள்ளி. லீவு மறுக்கப்பட்டவன் இழப்பது இவ்வளவு. பால் எடைக்குக் கூலி வாங்குபவருக்கு, முந்திய சம்பள மாதத்தில் ஈட்டியதை வேலைசெய்த நாட்களால் வகுக்க வேண்டும். 'கிலோ கணக்கு ஆளுக்கு லீவுச் சம்பளம் இல்லை' என்று கிராணி சொன்னால் நம்பாதீர்கள்.

நிபந்தனைகள் உண்டு. அதே முதலாளியிடம் லீவுக்கு முன் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். குத்தகைக்காரர் 11 மாதத்தில் கணக்கை முடித்து வேறு பெயரில் எடுத்தால் இந்த இடத்தில்தான் அடி விழும்; ஆகையால் சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். நேரமும் வேலையும் அவர் சொற்படி, கருவியும் அவருடையது என்றால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உம்மைத் தொழிலாளி என்றே கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அடுத்து, பிரசவ நாளுக்கு 30 நாள் முன்னதாக, அல்லது பிறந்தபின் கூடிய சீக்கிரம், முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னதை அவர் மறந்துவிடுவார். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

நமக்குப் பெரிய கவலை வேறொன்று. 'மணமான' என்றால் பதிவான மணம் என்றுதான் கேட்பார்கள். முஸ்லிம் அல்லாதார் திருமணம் யாவும் பதிவாக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சிலிருந்தே இருக்கிறது. ஆயினும் கோவிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு, பதிவை நாளைக்கென்று விட்ட குடும்பங்கள் நம்மில் இன்னும் உண்டு. அவர்கள் பிரசவத்துக்கு முன்னரே பதிவு இலாகாவுக்குப் போகட்டும்.

இத்தனைக்கும் பிறகு மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், செலவில்லை. சட்டத்தை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

பக்கத்துச் சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல், சிங்கப்பூர்ப் பிரஜையாகப் பிறக்கும் குழந்தையின் தகப்பனுக்கு நான்கு வாரம் கட்டாயம். அந்தச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. இங்கே முழுச் சுமையும் முதலாளி தலையில். அதனால்தான் சிறு முதலாளிகள் முகம் சுளிக்கிறார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளலாம். நான்கு வாரம் கேட்கும் நாளில் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்றும் சேர்த்தே கேட்போம். இப்போது, இந்த ஆண்டு பிள்ளை எதிர்பார்க்கும் வீட்டார் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். அறிவிப்புக் கடிதத்தை இங்கேயே எழுதிவிடலாம்.