இன்ஜின் இரைந்தால் கெடுமா?

ஓர் ஆடி மாதத்தில், வல்வில் ஓரி விழாவைக் காணக் கொல்லிமலைக்குப் போயிருந்த நாங்கள், மறுநாள் காலையில் செம்மேட்டிலிருந்து காரவள்ளியை நோக்கிக் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. முதல் சில வளைவுகள் கழிவதற்குள்ளேயே, வண்டியை ஓட்டிய சேந்தமங்கலத்து இளைஞர் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட, இன்ஜின் உரக்க இரையத் தொடங்கிற்று. சுழற்சி காட்டும் முள் 3,500-ஐ ஒட்டி நின்றது. வாழ்நாளின் பெரும்பகுதியை அம்பாசடர் காரிலேயே கழித்தவரான என் மாமாவுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.

“தம்பி, வண்டி இந்தக் கத்துக் கத்துதே, இன்ஜின் என்னத்துக்கு ஆகும்? மூணாவது போடப்பா” என்றார்.

“சத்தம் வந்தா வரட்டுங்கய்யா. கீழ போய்ச் சேர்ற வரைக்கும் பிரேக்கு இருக்கோணுமுங்க” என்று பணிவாகச் சொன்ன அந்த இளைஞர், கியரை மாற்றாமலே வண்டியை அடிவாரம் சேர்த்தார்.

காரவள்ளியில், எங்களுக்கு முன்னே இறங்கி நின்றிருந்த வேறொரு காரின் முன்சக்கரங்களிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கருகிய பிரேக்கின் நெடி சாலையோர டீக்கடை வரையில் பரவியிருந்தது. இன்ஜினுக்குச் சிரமம் கொடுக்கவேண்டாம், பெட்ரோலும் மிச்சமாகட்டும் என்ற எண்ணத்தில் நான்காவது கியரிலும் சில இடங்களில் நியூட்ரலிலும் இறங்கியதாகச் சொன்ன அதன் சொந்தக்காரர், கடைசிப் பத்து வளைவுகளில் பிரேக் பெடல் காலடியில் பஞ்சுபோல் அமுங்கியதை விவரித்தபோது அவருடைய குரல் நடுங்கிற்று. பின்னாசனத்தில் இரண்டு குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தன. இன்ஜின் வேகமாகச் சுழன்றால் கெட்டுவிடும் என்ற அபிப்பிராயம் எத்தனை பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதை அன்று நேரில் கண்ட காரணத்தால்தான், இந்த விஷயத்தை உங்கள் முன் வைக்க விரும்பினேன்.

அந்த அபிப்பிராயம் முழுவதும் ஆதாரமற்றது என்றும் நான் சொல்லமாட்டேன். சாதாரணமான ஒரு பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 தடவை சுழலும்போது, அதனுள் இருக்கும் பிஸ்டன் ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் நூறு தடவை மேலேறி நூறு தடவை கீழிறங்குகிறது. அதாவது, விநாடிக்கு இருநூறு தடவை முழுவதும் நின்று, திசை மாறி, மறுபடியும் பாய்கிறது. பிஸ்டன் போய் வரும் தூரம் 8 சென்டிமீட்டர் என்றும், அதன் எடை 300 கிராம் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், மேல் முனையில் அதைப் பிடித்திழுத்துத் திருப்புவதற்குக் கனெக்டிங் ராடு தாங்கவேண்டிய பலம் ஏறக்குறைய 600 கிலோ, நெல் அளவில் சொன்னால் 75 கிலோ மூட்டைகள் எட்டு. சுழற்சி 3,000-ஆகப் பாதியானால் அந்தப் பலம் பாதியாவதில்லை. நாலில் ஒரு பங்காக, இரண்டே மூட்டையாகக் குறைந்துவிடுகிறது. வேகம் இரட்டித்தால் பலம் நான்கு மடங்காகும் என்ற இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள்தாம் இன்ஜினை வடிவமைக்கிறார்கள். அறிந்து, ராடும் போல்ட்டும் வால்வு ஸ்பிரிங்கும் எதுவரையில் தாங்கும் என்று சோதித்து, அதற்கு இப்பாலேயே, பத்திரமான தொலைவில், சுழற்சி காட்டும் வட்டத்தில் ஒரு சிவப்புக் கோட்டை வரைகிறார்கள். ஆகவே கோட்டுக்கு உட்பட்ட சுழற்சி எதுவும் இன்ஜினுக்கு அந்நியமானதன்று. இக்காலத்துக் கார்களில், கோட்டை நெருங்கியதும் கம்ப்யூட்டர் தானே எரிபொருளை நிறுத்திவிடுகிறது.

மலையில் இறங்கும்போதோ, இரைச்சல் கேட்கிறதே தவிர, இன்ஜினுக்குள் நெருப்பே இல்லை. கியரில் இருக்கும் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிப்பதையே நிறுத்திவிடுகின்றன. சக்கரங்கள்தாம் இன்ஜினைச் சுழற்றுகின்றன; அந்தச் சுமையே வண்டியின் வேகத்தையும் பிடித்துவைக்கிறது. நியூட்ரலில் இறங்குகிறவருடைய வண்டியோ, அணையாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டேயிருக்கிறது. மிச்சம் பிடிக்க நினைத்தவர் பெட்ரோலையும் இழந்து, பிரேக்கையும் கருக்கிக்கொள்கிறார்.

இனி எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் இன்ஜினின் ஆயுள் அதில்தான் அடங்கியிருக்கிறது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற இன்ஜினீயர், ரயில் அச்சு பேரிங்குகளில் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார்; அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போகவேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கி வந்தது. தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையைச் செருகினார், அதுவும் தள்ளப்பட்டது. பாரத்தைத் தாங்கி நிற்பது உலோகமன்று, சுழலும் அச்சு தானே இழுத்துக்கொண்டு வரும் எண்ணெய்ப் படலமே என்ற உண்மை இவ்விதம் வெளிப்பட்டது. அதற்குரிய கணிதத்தை ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் வகுத்துக் கொடுத்தார். அச்சு விரைவாகச் சுழலச் சுழல அந்தப் படலம் தடிக்கிறது. மெதுவாகச் சுழலும்போது, அதுவும் பெரும் பாரத்தின் கீழ் மெதுவாகச் சுழலும்போது, அது மெலிந்து உலோகத்தோடு உலோகம் உரசும் நிலை நெருங்குகிறது.

இதிலிருந்து, நம்மில் பலர் எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே, இன்ஜின் திணறித் திணறி முனக, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு போகிறவர், இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை வதைக்கிறார். ‘நாக்கிங்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தக் கடகடப்பு கேட்டால், பெட்ரோல் கலவை முறைப்படி எரியாமல் சிலிண்டருக்குள் வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கிறது என்று அர்த்தம். கியரைக் குறைத்து, இன்ஜினைச் சற்று உயரச் சுழலவிட்டால் அது தீர்ந்துவிடும். நகரத்துக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும் பி.எஸ்.6 டீசல் கார்களுக்கும் இதே மருந்துதான்: புகைக்குழாய் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்துபோவதற்கு நல்ல உஷ்ணம் வேண்டியிருப்பதால், நெடுஞ்சாலையில் சற்று நேரம் தொடர்ச்சியாக ஓட்டும்படி கார்களின் கையேடுகளே அறிவுறுத்துகின்றன.

அப்படியானால் தீங்கு எங்கேதான் இருக்கிறது? முதலாவதாக, காலையில். இரவு முழுவதும் நின்ற வண்டியில் எண்ணெய் வழிந்து அடியில் தங்கியிருக்க, ஸ்டார்ட் ஆனதும் ‘சூடாகட்டும்’ என்று நின்ற இடத்திலேயே இன்ஜினை ரேஸ் செய்யும் பழக்கம் நம் தெருக்களில் சர்வ சாதாரணமாக இருக்கிறது. உலர்ந்த உலோகத்தை உரசவிடுவதற்கு இதைவிடக் கொடிய வழி கிடையாது. உஷ்ணம் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும், அது காட்டுவது தண்ணீரின் சூட்டைத்தானே தவிர எண்ணெயின் சூட்டையன்று. எண்ணெய் பின்தங்கியே வருகிறது. ஆகவே முதல் சில கிலோமீட்டர்கள் நிதானமாகப் போகவேண்டும். மற்றொன்று, கைத்தவறு. ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இழுக்கும் கை சற்றுச் சாய்ந்து இரண்டாவதில் விழுந்துவிட்டால், 3,000-த்தில் ஓடிய இன்ஜினைச் சக்கரங்களே 7,000-த்துக்கு மேல் கொண்டுபோய்விடலாம். அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தினாலும் பயனில்லை. வால்வு ஸ்பிரிங் பின்தங்க, மூடாத வால்வின்மேல் பிஸ்டன் மோதி, ஒரே கணத்தில் இன்ஜின் பாழாகிறது.

உயர்ந்த சுழற்சியில் எண்ணெயும் பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் தேய்மானம் சற்று அதிகம் என்பதையும் நான் மறைக்கவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2011-இல் ஓட்டிய ஃபார்முலா ஒன் காரின் இன்ஜின், விதிகள் அனுமதித்த 18,000 சுழற்சி வரையில் போகக்கூடியது. ஆனால் அந்தப் பருவத்துக்கு ஓர் ஓட்டுநருக்கு எட்டு இன்ஜின்கள் அளிக்கப்பட்டன. நம்முடைய காருக்கு ஒரே இன்ஜின்தான். அதனால்தான் அதன் எண்ணெய் அளவை மாதம் இரண்டு தடவையாவது கம்பியை உருவிப் பார்க்கச் சொல்கிறேன். அளவு குறைந்த இன்ஜினுக்குச் சிவப்புக் கோடு எந்தப் பாதுகாப்பும் தராது.

கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இறங்கத் தொடங்கும் இடத்திலேயே, வேகம் பிடிப்பதற்கு முன்பே, இரண்டாவது கியரைப் போட்டுவிடுங்கள். இன்ஜின் இரைந்தால் இரையட்டும். பக்கத்து ஆசனத்தில் என் மாமாவைப் போன்ற பெரியவர் யாராவது அமர்ந்து கியரை மாற்றச் சொன்னால், அடிவாரம் சேர்ந்த பிறகு மாற்றுவதாக அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.